தவில்காரரிடம் சந்தா கேட்காதீர்கள்: இசைக் கூட்டுப்பணி மென்பொருளுக்கு விலை வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் இணையம் வழியாக ஒரே பாட்டில் வேலை செய்ய உதவும் மென்பொருள்களுக்கு விலைத்திட்டம் போட்டுத் தருவது என் தொழில். புதிதாக இறங்குபவர்கள் கொண்டுவந்து காட்டும் விலைப்பட்டியலைப் பார்த்தால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் அப்படியே இருக்கின்றன. மாதம் 499 வைப்பதா 599 வைப்பதா என்பதை இங்கே பேசப்போவதில்லை. அது விற்றுப் பார்த்தால் தானாகத் தெரிந்துவிடும்.

வாசிக்க வந்தவரிடம் காசு கேட்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அலுவலக மென்பொருள்களில் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். அங்கே அது சரி. பத்துப் பேரும் தினமும் அதைத் திறப்பார்கள், சந்தாவை முதலாளி கட்டுவார். பாட்டு அப்படி உருவாவதில்லை. இசையமைப்பாளர் மாதக்கணக்கில் அதோடு கிடப்பார். தவில்காரர் ஒரு மதியம் இரண்டு டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது ஒரு டேக்) கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கோரஸ் பாடுபவருக்கு அரை மணி நேர வேலை. ஒரு நாள் சம்பளத்துக்காக மாதச் சந்தா கட்டு என்றால் யார் கட்டுவார்கள்?

நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு நிறுவனத்தில் நடந்தது இது. சந்தா கட்டியிருந்த கோவை இசையமைப்பாளர் ஒருவர், கும்பகோணம் பக்கத்து நாதஸ்வரக் கலைஞர் ஒருவருக்கு அழைப்பு அனுப்பினார். பெரியவர் இணைப்பைத் தொட்டதும் கார்டு நம்பர் கேட்டது. முதல் இரண்டு வாரம் இலவசம் என்று கீழே எழுதியிருந்தது, ஆனாலும் கார்டு கொடுத்தே ஆக வேண்டும். உடனே போன் போட்டார். "தம்பி, இது பணம் கேக்குது. நான் வாசிச்சதை வாட்ஸ்அப்லயே அனுப்பிடறேன்."

அனுப்பினார். சுருக்காத ஒலிக்கோப்பான வேவ் கோப்பை டாக்குமென்டாக அனுப்பினால் வாட்ஸ்அப்பில் தரம் குறையாது, அதனால் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. இந்த மென்பொருள் இல்லாமலே வேலை நடக்கும் என்று இசையமைப்பாளருக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் சந்தாவை நிறுத்திவிட்டார்.

நிறுவனத்தின் கணக்கில் ஒரு சந்தாதாரர் போனார் என்றுதான் பதிவானது. உண்மையான நஷ்டம் அந்தப் பெரியவர். வாத்தியக்காரர்கள் பல இசையமைப்பாளர்களோடு வேலை செய்பவர்கள். ஒருவருக்குப் பழகிவிட்டால் அடுத்தவரிடம் அவர்களே சொல்வார்கள். விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் வராத ஆட்களை அழைத்து வரக்கூடியவர் தானாக வந்தார், அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட இதைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

பாட்டு யாருடையதோ அவரிடம் மட்டும் வசூலியுங்கள். அழைக்கப்பட்டு வருபவர் கேட்கலாம், பதிவு செய்து ஏற்றலாம், குறிப்பு எழுதலாம். கார்டு வேண்டாம், கெடு வேண்டாம். அவர் சொந்தமாக ஒரு பாட்டு தொடங்கும்போது விலையைக் காட்டுங்கள். ஒரே சந்தாவில் பத்துப் பேர் ஓட்டிவிடுவார்களே என்று கேட்பார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பாட்டு திறந்திருக்கலாம் என்பதற்கு வரம்பு வையுங்கள், ஆட்களுக்கு வேண்டாம்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. சிங்கப்பூரின் பேண்ட்லேப் என்ற இசைத் தளத்தில் சேர்ந்து பாட்டு செய்வது இலவசம். பாட்டை வெளியிடுவது போன்ற மற்ற வசதிகளுக்குத்தான் உறுப்பினர் கட்டணம். ஸ்ப்ளைஸ் என்ற இன்னொரு தளம் ஆரம்பத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்து வேலை செய்யும் இடமாக இருந்தது. சாம்பிள் ஒலிகளின் (பாட்டில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த ஒலித்துண்டுகள்) சந்தாதான் அதன் பெரிய தொழிலாக வளர்ந்தது. கூட்டுப்பணிப் பகுதியை 2023-ல் மூடிவிட்டார்கள்.

சந்தா நின்றதும் பாட்டைப் பூட்டுவது

இசைக்காரர்களுக்கு மாதா மாதம் ஒரே மாதிரி வருமானம் வராது. படம் தள்ளிப்போகும், பேசிய பணம் இழுத்தடிக்கும். அப்போது முதலில் நிற்பது உங்கள் சந்தா. புதிய பதிவை நிறுத்துங்கள், அது நியாயம். ஏற்கெனவே பதிவானதைக் கேட்கவும் தனித்தனி டிராக்காக (ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனிப் பதிவாக) இறக்கிக்கொள்ளவும் விட வேண்டும். அது அவர்களுடைய உழைப்பு. சொந்தமாக வாங்கும் வழியை எடுத்துவிட்டால் இசைக்காரர்கள் எவ்வளவு கோபப்படுவார்கள் என்பதை 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற இசை மென்பொருள் நிறுவனம் பார்த்தது. பிளகின்கள் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) இனிச் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு தாங்காமல் சில நாளிலேயே பழைய முறையையும் திரும்பக் கொண்டுவந்தது.

இலவசத் திட்டத்தில் எம்பி3 மட்டும் தருவது

வேண்டாம். எம்பி3 சுருக்கிய கோப்பு, தரம் குறைந்தது. அதை வைத்துக்கொண்டு யாரும் ஒழுங்காக மிக்ஸ் செய்ய (எல்லா டிராக்கையும் கலந்து பாட்டாக்க) மாட்டார்கள்.

வரம்பில்லாத சேமிப்பு என்று எழுதுவது

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ டிராக் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் 40 டிராக் என்றால் 1.7 ஜிபி. வேண்டாத டேக்குகளையும் பழைய பதிப்புகளையும் சேர்த்தால் இது பல மடங்கு ஆகும். அதையெல்லாம் யாரும் அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள்.

தாமதமே இல்லை என்று விற்பது

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே கண்ணாடி இழையில் ஒளி போகவே ஒரு வழிக்கு 65 மில்லிசெகண்டுக்குக் குறையாது. ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கும்போது தாமதம் 30 மில்லிசெகண்டைத் தாண்டினாலே தாளம் இழுக்கும். சந்தா எவ்வளவு ஏறினாலும் அது மாறாது.

ஆண்டுச் சந்தாவை 15,000 ரூபாய்க்கு மேல் வைப்பது

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். தொகை 15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் அவரே உறுதிசெய்ய வேண்டும். ஸ்டூடியோக்களுக்கான ஆண்டுத் திட்டம், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்போது, இந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் புதுப்பிக்கும் நாளில் பணம் வராது, வாடிக்கையாளர் ஓடிபி வந்ததையே கவனித்திருக்க மாட்டார். அதைக் காலாண்டாகப் பிரித்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்காத மூன்று மாதக் கட்டணம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஆல்பம் முடியும்வரை போதும் என்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள்.