பொன்வலைச் சிலந்தி இனத்தின் ஆண் சிலந்தியைக் கவனிப்பது எப்படி?

மழைக்காலம் ஓயும் வேளையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோரங்களிலும் இலங்கையின் மழைக்காடுகளிலும், வெயில் பட்டால் பொன்னிழையாக மின்னும் பெரிய வலைகளைக் காணலாம். நடுவில் தலைகீழாக அமர்ந்திருப்பது நெஃபிலா பிலிப்பெஸ் இனத்தின் பெண். அதன் உடல் 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை நீளமிருக்கும். ஆணோ 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான். பெண்ணைப் படமெடுத்துவிட்டு, ஆணைப் பார்க்காமலே திரும்புவோர்தான் பெரும்பாலானோர்.

முதலில் ஆணை அடையாளம் காணுங்கள். அதே வலையில் இரை திருடிப் பிழைக்கும் ஆர்ஜிரோடெஸ் சிலந்திகளும் இருக்கும். கூம்பிய வயிறும் வெள்ளிப் பளபளப்பும் தெரிந்தால், அது அந்தத் திருடன். செம்பழுப்பு உடலும், முகத்தின் முன்னே நுனி பருத்த இரண்டு சிறு கைகளும் தெரிந்தால் ஆண். விந்தை நிரப்பிச் சுமந்து வருவது அந்தக் கைகளில்தான்.

அடுத்து, ஆண் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வலையில் பல ஆண்கள் இருந்தால், பெண்ணின் அருகே நிற்கும் ஒன்று மற்றவற்றை விரட்டிக்கொண்டிருக்கும். மற்றவை விளிம்பில் காத்திருக்கும். பின்னர் ஒவ்வொன்றின் கால்களையும் எண்ணுங்கள். இதுவே மிக முக்கியமான வேலை என்பேன். எட்டில் ஆறோ ஏழோ மட்டும் இருந்தால், அந்த ஆண் ஏதோ ஓர் ஆபத்தைக் கடந்து வந்திருக்கிறது.

பெண்ணுக்கு இரை சிக்கும்வரை பொறுமையாக இருங்கள். அது தின்பதில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஆண் பெரும்பாலும் நெருங்கும். சில வேளைகளில் புணர்ச்சியை இடையில் நிறுத்தி, பெண்ணின் முதுகின்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிழையைப் பூசும். அந்த இழை பெண்ணைக் கட்டிப்போடும் வலிமையுடையதன்று. அதன் தொடுதலே பெண்ணின் மூர்க்கத்தைத் தணித்து, ஆண் உண்ணப்படும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைக் காண ஒரு கை தூரத்தில் நின்று கேமராவின் ஜூமைப் பயன்படுத்துங்கள். மூச்சுக்காற்று பட்டாலும் வலை அதிரும்.

மரத்தண்டிலும் வீட்டுச் சுவரிலும் குழல் போன்ற பதுங்கிடத்தோடு வலை கட்டும் நெஃபிலெங்கிஸ் மலபாரென்சிஸ் இனத்தையும் தேடிப் பாருங்கள். பெண் இரவில்தான் வெளியே வரும் என்பதால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். இங்கே ஆணின் கால்களோடு கைகளையும் எண்ண வேண்டும். புணரும்போது ஆண் தன் கையையே முறித்துப் பெண்ணுடலில் விட்டுவிட, துண்டான கையிலிருந்து விந்து தொடர்ந்து செல்கிறது என்று 2012-இல் கண்டறிந்தார்கள். இரு கைகளையும் இழந்த ஆணால் இனி இணைசேர முடியாது. ஆனால் எடை குறைந்து, நெடுநேரம் களைப்பின்றிப் போராடி, வேறு ஆண்களை அண்டவிடாமல் அந்தப் பெண்ணைக் காக்கும்.

நேரம், ஆண்களின் எண்ணிக்கை, மிஞ்சிய கால்கள், மிஞ்சிய கைகள் ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொண்டு, மறுநாளும் அதே வலைக்குச் செல்லுங்கள்.