கன்னச் செல்லில் பார் உடலைக் காண்பது எப்படி?

எக்ஸ் குரோமோசோமில் உள்ள எக்ஸிஸ்ட் என்னும் மரபணு எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. பெண்களின் செல்களில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றில் அது உருவாக்கும் ஏறத்தாழ 17,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. (மரபணுவின் நகல்), தான் பிறந்த குரோமோசோமையே போர்த்தி, அதன் பெரும்பாலான மரபணுக்களை அடக்கி, உட்கருவின் ஓரத்தில் சுருண்டு கிடக்கச் செய்கிறது. அந்தச் சுருணையே பார் உடல். ஆய்வாளர்கள் மர்ரி பார், பெர்ட்ராம் ஆகிய இருவரும் 1949இல் பூனையின் நரம்புச் செல்களில் இதைக் கண்டனர். காரணமான மரபணு 1991இல்தான் அடையாளம் காணப்பட்டது. மலேசியாவின் பினாங்கில் படிவம் ஆறில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில்) உயிரியல் பயிலும் நம் பிள்ளைகள் இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே பார்த்துவிடலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

மனமுவந்து முன்வரும் மாணவி ஒருவர் வாயை நன்றாகக் கொப்பளிக்கட்டும். உணவுத் துணுக்குகள் சாயமேறினால் கண்ணை ஏமாற்றும். உட்கன்னத்தை மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, முதலில் வருவதைக் கழித்துவிட்டு, அதே இடத்தில் மீண்டும் சுரண்டியதை ஸ்லைடில் மெல்லியதாகத் தடவ வேண்டும். அது காயுமுன் 95 விழுக்காடு எத்தனாலில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் புட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. பிறகு அசிட்டோ ஆர்சீன் சாயத்தைச் சில நிமிடங்கள் இட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, மிகுந்த சாயத்தை வடிதாளால் ஒற்றி எடுங்கள்.

பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். குறைந்த பெருக்கத்தில், மடியாமல் தட்டையாகக் கிடக்கும் செல்களைத் தேர்ந்துகொண்டு, எண்ணெய் இட்ட 100 மடங்கு லென்சுக்கு மாறுங்கள். உட்கருவின் விளிம்போடு ஒட்டி, ஒரு பக்கம் தட்டையாக, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவில் அடர்ந்து தெரிவதே பார் உடல். நுண்குவியத் திருகை மெல்லத் திருப்புங்கள்: விளிம்பு தெளியும்போதே அதுவும் தெளிய வேண்டும். விளிம்புக்கு மேலே தனியாகத் தெளிவது பெரும்பாலும் வாயிலுள்ள பாக்டீரியாவாகவே இருக்கும். விளிம்பை விட்டு உள்ளே தெரியும் திட்டுகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லா உட்கருவிலும் இது தென்படாது. மேலேயோ கீழேயோ ஒட்டியிருந்தால் மறைந்துவிடும். ஆகவே 100 உட்கருக்களை எண்ணி, கண்டவற்றின் பங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு ஓர் ஆண் மாணவரின் செல்களையும் இதே முறையில் பாருங்கள்.

பார் உடல்களின் எண்ணிக்கை எக்ஸ் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. இரண்டு எக்சும் ஒரு ஒய்யும் உள்ள ஆணிடமும் ஒன்று தெரியும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இச்சோதனையை வைத்து வீராங்கனைகள் பெண்கள்தானா என்று தரம் பிரித்தது பலருக்கு அநீதியிழைக்கும் வழக்கத்துக்கு வித்திட்டது. எனவே ஸ்லைடுகளில் பெயர் எழுதாமல் குறியெண் மட்டும் இடுங்கள். எதிர்பாராத முடிவு வந்தால் அதை வகுப்பில் பேசாமல் ஆசிரியரிடம் தனியே ஒப்படையுங்கள்.