மாதச் சம்பளக்காரருக்கும் ஓவர்டைம் உண்டா? அமெரிக்காவில் சரிபார்க்கும் முறை

சம்பளம் நிலையானது என்றால் ஓவர்டைம் கிடையாது என்று அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என் மனைவியின் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) சரிபார்த்தபோது நான் போன வரிசை இது.

படி 1: மணிக்கணக்கில் சம்பளமா? பெரும்பாலும் ஓவர்டைம் உண்டு. வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு.

படி 2: நிலையான சம்பளமா? அது வாரம் 684 டாலருக்குக் குறைவு என்றால் அநேகமாக உங்களுக்கும் உண்டு. ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞருக்கு இந்த வரம்பு பொருந்தாது. சில இடங்களில் 844 என்று பார்ப்பீர்கள். அந்த உயர்வை 2024 நவம்பரில் டெக்சஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

படி 3: 684-ஐத் தாண்டினால் பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். ‘மேனேஜர்’ என்ற பட்டம் மட்டும் போதாது. நிர்வாகம்தான் முக்கிய வேலையா, குறைந்தது இரண்டு முழுநேர ஊழியர்களை மேற்பார்க்கிறீர்களா, ஆள் எடுப்பதில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்றால்தான் மேனேஜருக்கு ஓவர்டைம் கிடையாது. நிர்வாக அலுவலர், தொழில்முறை வல்லுநர், கணினித் துறையினருக்குத் தனி அளவுகோல்கள் இருக்கின்றன.

படி 4: கணக்கு. இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன். இலக்கை எட்டினால் தருவதாக முன்பே சொன்ன போனஸும் மணிக்கூலிக் கணக்கில் சேரும். மணிக்கு 20 டாலர், வாரம் 45 மணி நேரம், போனஸ் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 + 90 = 990. அதை 45-ஆல் வகுத்தால் 22. 45 மணி நேரத்துக்கும் ஒரு மடங்கு 990-இலேயே வந்துவிட்டது, பாக்கி அரை மடங்குதான். 22-இல் பாதி 11, கூடுதல் 5 மணி நேரத்துக்கு 55. ஆக மொத்தம் 1045 டாலர். மணிக்கூலிக் கணக்கில் போனஸைச் சேர்க்காமல் போட்டால் 950, அதோடு போனஸ் 90, ஆக 1040தான் வரும். இப்படி வாராவாரம் போவது நிஜமான பணம், விடாதீர்கள்.

மணி நேரத்தைக் குறிக்க ஆப்பைவிட எக்செல்தான் எனக்குப் பிடிக்கும். சூத்திரத்தை நாமே பார்க்கலாம், அப்புறம் அலுவலகத்திலும் காட்டலாம்.

பின்சேர்க்கை: இரண்டு வாரச் சம்பளம் வாங்குபவர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் 50, அடுத்த வாரம் 30 என்றால் சராசரி 40 என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. மருத்துவமனை ஊழியர்கள் போன்ற சிலருக்கு 14 நாளைச் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் பொதுவாக ஒரே நாளில் 8 மணி நேரம் தாண்டினாலே ஓவர்டைம். விடுபட்ட தொகைக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி வழக்குப் போட 2 ஆண்டு, வேண்டுமென்றே மறுத்திருந்தால் 3 ஆண்டு அவகாசம்.