இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் பிசி: மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா? படிப்படியாகச் சோதித்து முடிவெடுப்பது எப்படி

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 இரண்டு, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 இரண்டு என ஜோடிக் கிராஃபிக்ஸ் கார்டு பூட்டிய பிசிக்கள் மதுரையில் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அண்ணன் வேலைக்குப் பெங்களூரு போனதால் தம்பிக்கு வந்து சேர்ந்ததாக இருக்கும். இல்லையென்றால் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் புதிது வாங்கியபோது மலிவாகத் தள்ளிவிட்டதாக இருக்கும். அப்படி வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. இதையே வைத்து ஓட்டலாமா? ஒரே நல்ல கார்டாக மாற்றலாமா? இதைவிடப் பெரிய கார்டு இரண்டு வாங்கிப் பூட்டலாமா?

மூன்றாவது கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். என்விடியாவில் 2020இலிருந்து வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090, 3090 டிஐ ஆகிய இரண்டுக்கு மட்டுமே ஜோடி சேர்க்கும் இணைப்பு இருந்தது. 2022இல் வந்த 4090இல் அதுவும் இல்லை. ஏஎம்டியும் 2019இல் ஆர்எக்ஸ் 5700 வந்தபோதே கிராஸ்ஃபயர் என்ற தன் ஜோடிக் கார்டு வசதியை விட்டுவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் கார்டில் இரண்டை வாங்கிப் பூட்டினாலும் கேமில் ஒன்றுதான் ஓடும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு யாரும் வாயால் பதில் சொல்ல முடியாது. உங்கள் பிசியையே கேட்க வேண்டும்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறவுங்கள். இரண்டு கார்டின் பெயர், நினைவகம், போர்டோடு எத்தனை லேனில், அதாவது தகவல் போய்வரும் பாதையில், ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். இரண்டும் எக்ஸ்8, அதாவது எட்டு லேன், என்று காட்டினால் பயப்பட வேண்டாம். இசட்97 போன்ற பழைய மதர்போர்டுகள் இரண்டு கார்டு பூட்டினால் 16 லேனை எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்கும்.

என்விடியா என்றால் இரண்டு கார்டுக்கும் மேல் விளிம்பில் ஒரு சிறிய பாலம் செருகியிருக்கும், இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. கைமாறிய பிசிக்களில் இந்தப் பாலம் தொலைந்துபோயிருப்பது சகஜம், அதனால் கேபினட்டைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏஎம்டியில் 2013இன் ஆர்9 290இலிருந்து பாலம் தேவையில்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ (என்விடியாவின் ஜோடிக் கார்டு வசதி) பகுதிக்குப் போய் அது இயங்கு நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே அணைந்திருந்தால் இத்தனை நாளும் ஒரு கார்டில்தான் விளையாடியிருக்கிறீர்கள்.

படி 2: இரண்டாவது கார்டு வேலை செய்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை நிறுவுங்கள். கூடவே எண்களைத் திரையில் காட்டும் ரிவாட்யூனர் வரும், அதையும் விடாதீர்கள். எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் இது ஓடும். அமைப்புகளில் கண்காணிப்புப் பகுதிக்குப் போய், முதல் கார்டின் பயன்பாடு, இரண்டாவது கார்டின் பயன்பாடு, இரண்டின் வெப்பநிலை, நினைவகம், பிராசஸரின் ஒவ்வொரு கோர், ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்), ஃபிரேம் டைம் (ஒரு படத்துக்கு ஆகும் நேரம்) ஆகியவற்றைத் திரையில் காட்டும்படி டிக் செய்யுங்கள். ஃபிரேம் டைமை மட்டும் எண்ணாக இல்லாமல் கோடாக வரையச் சொல்லுங்கள். இனி விளையாடும்போது இடது மூலையில் எல்லாம் தெரியும்.

நீங்கள் நிஜமாகவே விளையாடும் கேம்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் கால் மணி நேரம் விளையாடி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எஸ்எல்ஐ அல்லது கிராஸ்ஃபயரை அணைத்துவிட்டு, அதே இடத்தில் அதே கால் மணி நேரம். கார்டைக் கழற்ற வேண்டியதில்லை, மென்பொருளில் அணைத்தால் போதும்.

திருமங்கலத்துத் தம்பி ஒருவரின் பிசியில் இப்படிப் பார்த்தோம். ஐ5-4690 பிராசஸர், இரண்டு 970 கார்டு. ஜிடிஏ 5இன் பழைய பதிப்பில் இரண்டு கார்டும் சேர்ந்து உழைத்தன, ஒன்றை அணைத்தால் ஃபிரேம் ரேட் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. சைபர்பங்க் 2077இல் முதல் கார்டு 99 சதவீதத்தில் நின்றது, இரண்டாவது கார்டு 0. எஸ்எல்ஐயை அணைத்தாலும் போட்டாலும் ஒரே எண். “அண்ணே, அப்போ இவ்வளவு நாளா அது சும்மாவா உட்கார்ந்திருந்துச்சு?” என்று கேட்டார். அந்தக் கேமைப் பொறுத்தவரை ஆமாம், சும்மாதான்.

ஏன் இப்படி? எஸ்எல்ஐயும் கிராஸ்ஃபயரும் பெரும்பாலும் ஒற்றைப்படை ஃபிரேம்களை ஒரு கார்டுக்கும் இரட்டைப்படை ஃபிரேம்களை இன்னொரு கார்டுக்கும் கொடுத்து வேலை வாங்கின. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக வரையப்பட்ட காலத்தில் இது அருமையாக நடந்தது. இப்போதைய கேம்கள் அப்படி வரைவதில்லை. விளிம்புகளை மழுப்பவும், குறைந்த தெளிவுள்ள படத்தைப் பெரிதாக்கவும் முந்தைய ஃபிரேமின் தகவலைத் தொட்டுக்கொண்டுதான் அடுத்த ஃபிரேமை வரைகின்றன. முந்தையது பக்கத்துக் கார்டில் இருக்கிறது என்றால் அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் வேகம் போச்சு.

இன்னொரு காரணம், விண்டோஸில் கேம் கார்டோடு பேசும் முறையான டைரக்ட்எக்ஸ் 12. அதற்கு முன்பு டிரைவரே ஒவ்வொரு கேமுக்கும் தனிக் குறிப்பு வைத்து இரண்டு கார்டுக்கும் வேலையைப் பங்கிட்டது. டைரக்ட்எக்ஸ் 12இல் அந்தப் பொறுப்பு கேம் எழுதுபவர் தலையில் விழுந்தது. இரண்டு கார்டு வைத்திருக்கும் கொஞ்சம் பேருக்காக அந்த உழைப்பைப் போட்டவர்கள் மிகச் சிலர். 2021 ஜனவரி 1 முதல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரையிலான கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ குறிப்புகள் எழுதுவதை என்விடியாவும் நிறுத்திவிட்டது. அதனால் புதிய கேமில் உங்கள் இரண்டாவது கார்டு வேலை செய்யவில்லை என்றால் அமைப்பில் எதையும் தேடி அலைய வேண்டாம்.

ஃபிரேம் டைம் கோட்டையும் கவனியுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. கோடு ஓரளவு நேராகப் போனால் நல்லது. 8, 25, 8, 25 என்று ரம்பப் பல் போல ஏறி இறங்கினால், சராசரி 60 என்று காட்டினாலும் கண்ணுக்கு 40 போலத்தான் தட்டித் தட்டி ஓடும். ஜோடிக் கார்டின் பழைய வியாதி இது. இந்த நிலையில் ஒரு கார்டை அணைத்துவிட்டால் எண் குறைந்தாலும் விளையாட்டு சீராகும். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும், செலவும் இல்லை.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4 ஜிபி கார்டு இரண்டு பூட்டினால் 8 ஜிபி ஆகாது. இரண்டு கார்டும் ஒரே படங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், ஆக உங்களிடம் இருப்பது 4 ஜிபிதான். 970இல் அந்த நான்கிலும் 3.5 ஜிபிதான் முழு வேகம். ‘8 ஜிபி கார்டு போட்ட பிசி’ என்று சொல்லி 970 ஜோடியை விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

படி 3: சூட்டைப் பாருங்கள், அதுவும் சித்திரையில்

ஜோடிக் கார்டைப் பற்றிய பழைய பரிந்துரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளில் எழுதப்பட்டவை. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரி தொடும்போது, ஓட்டுவீட்டு மாடி அறையில் கேபினட்டுக்குள் போகும் காற்றே சூடாகத்தான் போகும். மேல் கார்டின் ஃபேனுக்கும் கீழ் கார்டின் முதுகுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும், கீழ் கார்டு விடும் வெப்பத்தை மேல் கார்டு உறிஞ்சும். அந்தத் தம்பியின் பிசியில் கீழ் கார்டு 66 டிகிரி, மேல் கார்டு 80ஐ ஒட்டி நின்று தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து அதே கேமை ஓட்டிப் பாருங்கள். வெப்பம் சட்டென்று இறங்கினால் உங்கள் பிரச்சினை காற்றோட்டம். தூசி தட்டி, முன்னால் ஒரு ஃபேன் கூட்டினால் சரியாகலாம்.

படி 4: கரண்ட் கணக்கு

970 ஒன்றுக்கு 145 வாட், இரண்டுக்கு 290. அவை இரண்டும் ஒத்துழைத்து ஓடும் நல்ல நேரத்து வேகத்தை ஆர்டிஎக்ஸ் 4060 ஒற்றையாளாகத் தருகிறது, 115 வாட்டில். வித்தியாசம் 175 வாட். தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் விளையாடினால் இரண்டு மாத பில்லில் 42 யூனிட். கார்டை மாற்ற இது மட்டுமே காரணமாகாது. ஆனால் உங்கள் வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் கவனியுங்கள், அதைத் தாண்டினால் விலை அட்டவணையே மாறுகிறது.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் வாட் அளவையும் பார்க்க வேண்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். இரண்டு கார்டும் பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்தால் அது போதாது, கரண்ட் போன அந்த நொடியிலேயே பிசியும் அணைந்துவிடும்.

படி 5: குற்றவாளி பிராசஸரா?

திரையில் இரண்டு கார்டும் 50, 60 சதவீதத்தில் இருக்க, பிராசஸரின் ஒரு கோரோ எல்லாக் கோர்களுமோ 100இல் நின்றால், கார்டை மாற்றிப் பயனில்லை. நான்கு கோர் ஐ5 வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்படியென்றால் காசைப் பிராசஸர், போர்டு, ரேமுக்குச் சேருங்கள்.

படி 6: முடிவு

நீங்கள் விளையாடுவது வேலரண்ட், பழைய ஜிடிஏ போன்றவை மட்டும்தான், 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான் என்றால் எதையும் வாங்காதீர்கள். ஒரு 970 இதற்குத் தாராளம். இரண்டாவதைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள், சூடும் குறையும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் செய்பவர்கள் மட்டும் 970 இரண்டையும் விட்டுவையுங்கள்; அதன் சைக்கிள்ஸ் ரெண்டரிங் இரண்டு கார்டையும் நிஜமாகவே பயன்படுத்தும்.

புதிய கேம்கள் வேண்டும், படி 2இல் இரண்டாவது கார்டு 0 காட்டியது என்றால் மாற்றுங்கள். காத்திருப்பதிலும் பெரிய லாபம் இல்லை. 900, 10 வரிசைக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு புதிய கேம்களுக்கான டிரைவரை என்விடியா நிறுத்திவிட்டது, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். 1080பிக்கு ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 6600 போதும். பழைய இசட்97 போர்டில் பூட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த இரண்டும் எட்டு லேன் மட்டுமே பயன்படுத்துபவை, கார்டு பூட்டும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3 தலைமுறையாக உள்ள போர்டில் சிறிது வேகம் குறையும். 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 பதினாறு லேனும் பயன்படுத்தும், நினைவகமும் அதிகம். பழைய போர்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான். இன்டெல் ஆர்க் பி580க்கு ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒரே வீச்சில் அணுகும்) வசதி வேண்டும், பழைய போர்டுகளில் அது இருக்காது, அதனால் தவிர்த்துவிடுங்கள்.

படி 7: வாங்குவதும் பூட்டுவதும்

டவுன்ஹால் ரோடு, சிம்மக்கல் பக்கம் விசாரித்துவிட்டு, சென்னை ரிச்சி தெரு விலையையும் போனில் கேளுங்கள். சென்னை விலை குறைவாக இருந்தாலும், கார்டு ஆம்னி பஸ் பார்சலில் மாட்டுத்தாவணி வந்து சேரும் செலவையும், வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும் அலைச்சலையும் சேர்த்துப் பாருங்கள். சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்டு, சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் எஸ்எல்ஐயை அணையுங்கள். விண்டோஸை சேஃப் மோடில் திறந்து டிடியு என்ற இலவசக் கருவியால் பழைய டிரைவரை முழுவதும் நீக்குங்கள். பிசியை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பின்பக்க சுவிட்சையும் அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பாலத்தை நேராக மேலே இழுத்து எடுங்கள். மின் இணைப்புகளின் கொக்கியை அழுத்திக் கழற்றுங்கள். பின்பக்கத் திருகுகளை எடுத்த பிறகு ஸ்லாட்டின் கோடியில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தாழ்ப்பாளை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் கார்டை இழுத்தால் ஸ்லாட்டே உடைந்துவிடும். கீழ் கார்டை எடுத்த பிறகு மேல் கார்டு.

புதிய கார்டை மேல் ஸ்லாட்டில் ‘டக்’ என்று தாழ்ப்பாள் விழும்வரை அழுத்துங்கள். மின் இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரட்டும், பழைய ஹார்டு டிஸ்க் வயரிலிருந்து அடாப்டர் போடாதீர்கள். மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகி, புதிய டிரைவரை நிறுவி, படி 2இல் குறித்து வைத்த அதே கேம்களை அதே இடங்களில் ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். எதிர்பார்த்த உயர்வு இல்லையென்றால் கடையில் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் பேசிவிடுங்கள்.

பழைய கார்டுகளை விற்பதானால் தனித்தனியாக விற்றுவிடுங்கள், ஜோடியாக வாங்க இன்று ஆள் கிடைப்பது கடினம். ஃபேனில் உள்ள தூசியைத் துடைத்து, வாங்குபவர் கண் முன்னாலேயே பத்து நிமிடம் கேம் ஓட்டி ஆஃப்டர்பர்னர் எண்களைக் காட்டுங்கள்.