கீழே விழுந்த லென்ஸில் இறுகிப்போன ஃபில்டரைக் கழற்றுவது எப்படி?

ட்ரைபாட் காற்றில் சாய்ந்து கேமரா முகங்குப்புற விழும்போது முதல் அடியை வாங்குவது, லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி வளையமான ஃபில்டர்தான். கண்ணாடி நொறுங்கும், வளையத்தில் சொட்டை விழும். அந்த நிமிடத்தில் லென்ஸின் முன்கண்ணாடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதில் கீறல் விழுவது அடுத்த ஐந்து நிமிடத்தில், பதற்றத்தில் நாம் துணியால் துடைக்கும்போதுதான்.

ஆகவே கேமராவைத் தூக்கும்போதே லென்ஸின் வாய் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். நிமிர்த்தினால் சில்லுகள் முன்கண்ணாடியில் போய் உட்காரும். கேமராவை ஆஃப் செய்யுங்கள். ஜூம், ஃபோகஸ் வளையங்களைத் தொடாதீர்கள், திருகினால் கண்ணாடிப் பொடி இடுக்குகளுக்குள் இழுபடும். லென்ஸ் மூடியையும் போடக்கூடாது, அது தொங்கிக்கொண்டிருக்கும் சில்லை உள்ளே தள்ளிவிடும்.

குப்புறப் பிடித்தபடியே லென்ஸின் பக்கவாட்டில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். உதிர்வது உதிரட்டும். பிறகு கீழிருந்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்து பொடி ஒட்டிக்கொள்ளும். வளையத்திலேயே மாட்டி நிற்கும் பெரிய சில்லுகளை, கீழே விழாதபடி ஒட்டு டேப்பில் பிடித்து, சாமணத்தால் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் இழுத்து எடுங்கள். வெளியில் இருக்கும்போது இவ்வளவு போதும். லென்ஸின் வாய்க்கு மேல் சுத்தமான பிளாஸ்டிக் பையைத் தளர்வாகப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டி, குப்புறவே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வளையத்தோடு மல்லுக்கட்டுவதற்கு நல்ல வெளிச்சமும் மேசையும் வேண்டும்.

வளையம் ஏன் திரும்ப மறுக்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. 52, 67, 77 மி.மீ. போன்ற வழக்கமான ஃபில்டர்களின் மரை 0.75 மி.மீ. இடைவெளி கொண்டது. மிக நுண்ணிய மரை. சொட்டை விழுந்த இடத்தில் ஃபில்டரின் மரையும் லென்ஸின் மரையும் சேர்ந்தே நெளிந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அதோடு, விரல்களால் இறுக்கிப் பிடித்தால் மெல்லிய வளையம் முட்டை வடிவமாகி, வேறு இரண்டு இடங்களிலும் மாட்டும். எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு இறுகும். விசை சுற்றிலும் ஒரே சீராக விழவேண்டும் என்பதே இங்கே முழு ரகசியம்.

அதற்கென்றே, வளையத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஃபில்டர் ரெஞ்ச் என்ற கருவியை ஜோடியாக விற்கிறார்கள், விலையும் குறைவு. அது இல்லாவிட்டால் வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் போட்டு, கையின் ஐந்து விரல்களும் சமமாகத் தொடும்படி லேசாகப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்புங்கள். மறு கை, வளையத்துக்கு ஒட்டிப் பின்னாலுள்ள அசையாத பகுதியைப் பிடிக்கட்டும். ஃபோகஸ் வளையத்தைப் பிடித்தால் விசை முழுவதும் உள்ளே இருக்கும் நுண்பாகங்களில் இறங்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் என்றால் முன்வளையம் சும்மா சுற்றும், பின்வளையத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ வேண்டவே வேண்டாம். அது மரை வழியாக ஊர்ந்து லென்ஸுக்குள் போய், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்களில் படிந்து அவற்றை ஒட்டவைக்கும். ஃபிரிட்ஜில் வைப்பதும் பயனற்றது. பெரும்பாலும் ஃபில்டர் வளையம் அலுமினியம். லென்ஸ் மரையும் அலுமினியமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில்தான் சுருங்கும். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதுதான் மிச்சம்.

எதற்கும் அசையவில்லையா? ஃபில்டரைப் பலி கொடுத்து லென்ஸைக் காப்பாற்றலாம். கண்ணாடி முழுவதையும் அகற்றிய பிறகு, தடித்த அட்டையை வட்டமாக வெட்டி முன்கண்ணாடிக்கு மேல், அதைத் தொடாமல் வையுங்கள். சொட்டை இல்லாத பக்கத்தில் ஃபில்டர் வளையத்தின் விளிம்பை மூக்குக் குறட்டால் பிடித்து, மையத்தை நோக்கி உள்பக்கமாக மெல்ல வளையுங்கள். அந்த இடத்தில் மரை விடுபட்டதும் மொத்த வளையமும் தளர்ந்துவிடும். முன்கண்ணாடி புடைத்திருக்கும் அகலக் கோண லென்ஸ்களிலும், கேமராவோடு சேர்ந்து வரும், மரை பிளாஸ்டிக்காக இருக்கும் கிட் லென்ஸ்களிலும் இதைச் செய்யாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. வாள் வைத்து அறுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, உலோகத்தூள் கண்ணாடிப் பொடி அளவுக்கே கெடுதல் செய்யும்.

கழன்ற பிறகு ப்ளோயரால் ஊதிவிட்டு, அதன்பின் மட்டும் துடையுங்கள். அடுத்து, லென்ஸுக்கு உள்ளே ஏதும் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செங்கல் சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடில் வைத்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம், அதைச் சுருக்கி எஃப் 8-இல் ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் 100 சதவீதத்தில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் அடி உள்ளே இறங்கியிருக்கிறது. லென்ஸின் மரையில் மிஞ்சிய சொட்டையை லென்ஸ் வைஸ் எனும் திருகு கருவியால் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். ஒவ்வொரு தடவையும் பழைய ஃபில்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது தடையில்லாமல் ஏறியவுடன் நிறுத்திவிடுங்கள்.