ஓஎஸ்டிக்கெட்ல டிசைன் மாத்துறப்போ எல்லா பிரவுசர்லயும் சரியா வர வைக்கிறது எப்படி

ஓஎஸ்டிக்கெட் (கஸ்டமர் கம்ப்ளைன்ட்ட டிக்கெட்டா வாங்கி பதில் சொல்ற ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணி முடிச்சதும் நிறைய பேர் நேரா ஃபைலுக்குள்ள இறங்கி லோகோ, கலர்னு மாத்த ஆரம்பிச்சுடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. லோகோவுக்கு எந்த ஃபைலையும் தொட வேண்டாம், அட்மின் பேனல்ல செட்டிங்ஸ் போயி கம்பெனி தொறந்தா லோகோவுக்குன்னே ஒரு டேப் இருக்கு, அங்கயே ஏத்திடலாம். டிக்கெட் போடுற பக்கத்துல சீரியல் நம்பர், பிராஞ்ச் பேருன்னு புது கட்டம் வேணும்னா மேனேஜ்ல ஃபார்ம்ஸ் போயி உருவாக்கி, வேண்டிய ஹெல்ப் டாபிக்கோட (டிக்கெட் போடுறப்போ கஸ்டமர் தேர்ந்தெடுக்குற பிரச்சனை வகை) சேர்த்துடுங்க.

இதுக்கு மேல வேணும்னாதான் சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தோட கலர், அளவு, இடைவெளிய சொல்ற கோடு. கஸ்டமர் பாக்குற பக்கத்தோட ஸ்டைல், அசெட்ஸ் ஃபோல்டர்ல டீஃபால்ட்டுக்குள்ள தீம்.சிஎஸ்எஸ்ல இருக்கு. அதுல எழுதாதீங்க, அடுத்த அப்கிரேட்ல மொத்தமும் அழிஞ்சிடும். உங்களுக்குன்னு தனியா ஒரு சிஎஸ்எஸ் ஃபைல் வச்சுக்கிட்டு, இன்க்ளூட் ஃபோல்டர்ல கிளையன்ட்டுக்குள்ள இருக்குற ஹெட்டர் ஃபைல்ல, மத்த சிஎஸ்எஸ் லிங்க்குக்கெல்லாம் கடைசியா உங்க லிங்க்க ஒரே ஒரு வரி சேருங்க. அப்கிரேட் பண்ணா அந்த ஒரு வரிய மட்டும் திரும்ப போட்டா போதும், எங்கயாவது குறிச்சு வச்சுக்கோங்க. ஸ்டாஃப் பக்கம் தனி, அதுக்கு எஸ்சிபி ஃபோல்டர், ஹெட்டரும் வேற.

அந்த லிங்க் போடுறப்போ ஒண்ணு கவனிங்க. பக்கத்தோட சோர்ஸ தொறந்து பாத்தா ஒவ்வொரு சிஎஸ்எஸ் லிங்க் கடைசியிலயும் ஒரு கேள்விக்குறி, அதுக்கப்புறம் எழுத்தும் நம்பருமா கொஞ்சம் இருக்கும். அது மாறாத வரைக்கும் பிரவுசர் பழைய ஃபைலயே எடுத்து காட்டிட்டு இருக்கும். நான் ஒரு தடவ பட்டன் கலர் மாத்திட்டு என் கம்ப்யூட்டர்ல சரியா வந்துடுச்சுன்னு விட்டுட்டேன், மறுநாள் ஆபீஸ்ல பாதி பேருக்கு பழைய கலர்தான் வருதுன்னு சொன்னாங்க, குரோம் பிரச்சனையா ஃபயர்பாக்ஸ் பிரச்சனையான்னு தேடி ஒரு மணி நேரம் போச்சு, கடைசியில வெறும் கேஷ், அதாவது பிரவுசர் சேமிச்சு வச்சிருந்த பழைய காப்பி. உங்க லிங்க்லயும் கேள்விக்குறி போட்டு ஒரு நம்பர் குடுங்க, ஒவ்வொரு தடவ மாத்துறப்பவும் அந்த நம்பர ஏத்துங்க.

இப்போ உண்மையான பிரவுசர் பிரச்சனைக்கு வருவோம், இதுல ரொம்ப படுத்துறது ஐபோன் சஃபாரிதான். எழுதுற கட்டத்தோட ஃபாண்ட் சைஸ் 16 பிக்சலுக்கு கீழ இருந்தா, விரல் வச்ச உடனே ஸ்கிரீன் தானா ஜூம் ஆகி ஃபார்ம் ஒரு பக்கமா ஓடிடும், அவசரத்துல கம்ப்ளைன்ட் எழுத வர்றவங்களுக்கு இது எவ்ளோ எரிச்சல்னு யோசிச்சு பாருங்க. மொபைல் அளவுக்கு இன்புட், டெக்ஸ்ட்ஏரியா, செலக்ட் மூணுக்கும் 16 குடுத்துடுங்க, சரியாயிடும். அதே மாதிரி ஃபிளெக்ஸ்ல (கட்டங்கள வரிசையா அடுக்குற சிஎஸ்எஸ் முறை) கேப் போட்டு இடைவெளி விட்டா சஃபாரி 14.1க்கு முந்தின வெர்ஷன்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும், பழைய ஐபோன் வச்சிருக்குறவங்க உங்க கஸ்டமர்ல இருந்தா மார்ஜின் போடுங்க. குரோம்ல இருக்குற மொபைல் வியூ ஸ்கிரீன் அளவத்தான் மாத்தி காட்டும், உள்ள ஓடுறது குரோம் இன்ஜின்தான், இந்த ரெண்டு கோளாறும் அதுல தெரியவே தெரியாது. நிஜ ஐபோன் ஒண்ணு கடன் வாங்கியாவது பாருங்க.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11அ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன்லயே நிறுத்திடுச்சு, அதுக்காக இனிமே நேரம் செலவழிக்காதீங்க. ஆனா யாராவது ஒருத்தருக்கு மட்டும் எட்ஜ்ல பக்கம் கன்னாபின்னான்னு வந்தா, அவங்க கம்ப்யூட்டர்ல உங்க சைட் ஐஇ மோட்ல (எட்ஜுக்குள்ளயே பழைய எக்ஸ்ப்ளோரர் மாதிரி தொறக்குற வசதி) தொறக்குதான்னு முதல்ல பாருங்க.

ஹெல்ப்டெஸ்க்க வேற டொமைன்ல இருக்குற சைட்டுக்குள்ள ஐஃபிரேம்ல (ஒரு பக்கத்துக்குள்ள இன்னொரு சைட்ட காட்டுற கட்டம்) வைக்காதீங்க. 2020ல இருந்து சஃபாரி வெளி டொமைன் குக்கீய மொத்தமா தடுக்குது, அதனால லாகின் நிக்காது, ஃபார்ம் அனுப்புனா சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் உங்க சைட்ல இருந்துதான் வந்துச்சான்னு பாக்குற பாதுகாப்பு குறியீடு) எரர் வரும். உங்க டொமைன்லயே ஒரு சப்டொமைன் போட்டு நேரா லிங்க் குடுத்துடுங்க. எல்லாம் முடிஞ்சதும் ஐபோன்லயும் ஆண்ட்ராய்டுலயும் ஒரு டிக்கெட் போட்டு, ஒரு ஃபோட்டோ அட்டாச் பண்ணி, ஸ்டாஃப் பக்கத்துல இருந்து ரிப்ளை பண்ணி பாத்துட்டு அப்புறமா லைவ்ல ஏத்துங்க.