'பான் ததேயுஷ்' மேடையேறும்போது இசை எங்கே சறுக்குகிறது

ஆதாம் மிட்ஸ்கியெவிச்சின் 'பான் ததேயுஷ்' 1834-இல் பாரிஸில் அச்சானது. போலந்துக்காரர்களின் தேசிய காவியம். 12 பாகங்கள், பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வரிகள். ஒரே மாலையில் அடங்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுகிறவர்கள் இரு குடும்பப் பகையையும் கோட்டை வழக்கையும் வைத்துக்கொண்டு, காளான் பறிப்பதையும் காப்பி போடுவதையும் தூக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது வெறும் சொத்துத் தகராறு.

அப்புறம் தாளம். வரிக்கு 13 அசை, ஏழாவது அசைக்குப் பின் சின்ன நிறுத்தம். இதைப் பார்த்ததும் இசையமைப்பாளருக்குக் கை துறுதுறுக்கும். அடியில் ஒரு டிரம்மை ஓடவிட்டால் பத்தே நிமிடத்தில் காவியம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். வரி ஒலிக்கும்போது வாத்தியம் பெரும்பாலும் சும்மா இருப்பதே நல்லது.

இசை எங்கே வர வேண்டும் என்று கவிஞரே எழுதி வைத்திருக்கிறார். நான்காம் பாகத்தில், கரடி வேட்டைக்குப் பின் வோய்ஸ்கி என்ற முதியவர் கொம்பு ஊதுகிறார். அவர் நிறுத்திய பிறகும் ஊதிக்கொண்டிருப்பதாகவே எல்லோருக்கும் தோன்றுகிறது, கேட்பது எதிரொலி. இதற்கு ஸ்பீக்கரில் எக்கோ போடுவது சோம்பேறித்தனம். திரைக்குப் பின்னால் இன்னொரு கொம்புக்காரரை நிறுத்தினால் போதும்.

பெரிய சறுக்கல் கடைசிப் பாகத்தில், யூத விடுதிக்காரர் யான்கியெல் வாசிக்கும் இடத்தில். அவருடைய வாத்தியத்தின் பெயர் 'சிம்பாவி' (cymbały). அதைக் கேட்டு, இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதும் சிம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. அது சந்தூர்போலச் சிறு கோல்களால் தட்டும் தந்தி வாத்தியம். போலந்தின் 1791 அரசியல் சாசனத்தைக் கொண்டாடும் பொலொனேஸ் என்ற நடன இசையின் நடுவே திடீரென்று ஓர் அபசுரம், பாம்பு சீறியதுபோல, கண்ணாடியில் இரும்பு உரசியதுபோல. சுருதி கலைந்ததா, கை தவறியதா என்று கூட்டம் குழம்புகிறது. அவர் வேண்டுமென்றே தட்டுகிறார், திரும்பத் திரும்ப. 1792-இல் நாட்டைக் காட்டிக்கொடுத்த தார்கோவிட்சா கூட்டணிதான் அந்த ஒலி என்று கோட்டையின் பழைய ஊழியர் கெர்வாஸி கத்துகிறார். சீறிக்கொண்டு தந்தி அறுகிறது.

நல்ல வாத்தியக்காரர்களே இந்த அபசுரத்தை ஒத்திகையில் மெருகேற்றி இனிமையாக்கிவிடுவார்கள். விடாதீர்கள். அரங்கில் ஒருவராவது "ஐயோ, சொதப்பிட்டாரே" என்று பதற வேண்டும்.

முடிவில் வரும் டொம்ப்ரோவ்ஸ்கி மசுர்கா என்ற நடன மெட்டுப் பாட்டைப் பித்தளை வாத்தியங்களோடு முழக்குவதும் தவறு. இன்று அது போலந்தின் தேசிய கீதம்; கதை நடக்கும் 1812-இல் படைவீரர்களின் பாட்டு. டொம்ப்ரோவ்ஸ்கி தளபதியே எதிரில் இருக்க, வாசித்து முடித்த கிழவர் விம்மியபடி தொப்பியைக் கழற்றி அவர் கையில் முத்தமிடுகிறார். அந்த விம்மல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.